ரவுண்டானாவில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை

"பிரேக்ல இருந்து காலை எடு, ரொவீனா. பின்னாடி நிக்கிற பஸ் உன்னைக் கடிச்சுத் தின்னுடாது" என்றாள் பிரெண்டா.

"வலப்பக்கம் பாரு, வந்துக்கிட்டே இருக்கானுங்க! எந்த இடைவெளியில நுழையறது?"

"இப்படியே பாத்துக்கிட்டிரு. உன் பேரன் பெரியவனாகி, லைசென்ஸ் வாங்கி, அவனே வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போவான்."

ரொவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே இங்கிலாந்தின் சுவின்டன் நகரத்து ரவுண்டானா விரிந்து கிடந்தது. நடுவில் ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றி ஐந்து குட்டி வட்டங்கள். குட்டி வட்டங்களில் ஒரு பக்கமாகச் சுற்ற வேண்டும். நடு வட்டத்தில் அதற்கு நேர் எதிராக. வெளியூர்க்காரர்கள் இதைப் படம் பிடிக்க வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பார்கள்.

ரொவீனா கடப்பதே இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள், வெளியேறும் வழி பிடிபடாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தபோது எல்லாப் பக்கமிருந்தும் ஹாரன் அலறியது. ஒருவன் கண்ணாடியை இறக்கி, "ஏ கிழவி, வீட்டுல உக்காந்து ஸ்வெட்டர் பின்ன வேண்டியதுதானே!" என்று கத்திவிட்டுப் போனான். அன்று வீட்டுக்கு வந்து, தேநீர்கூடப் போடாமல், போட்டிருந்த கோட்டோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பயம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். அது முழு உண்மை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வட்டத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கடை வரிசையிலும் சரி, கல்யாண வாழ்க்கையிலும் சரி, அவளுக்கு அது வந்ததே இல்லை.

ஆனால் வரும் திங்கட்கிழமை மகள் ஜெம்மா வேலைக்குத் திரும்புகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள விடிகாலையிலேயே ரொவீனா அங்கே போய்விட வேண்டும். ஜெம்மாவின் வீடு ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம். அந்நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது. இன்று கடக்க முடியாவிட்டால், 'என்னால முடியலம்மா, நீ வேலையை விட்டுடு' என்று மகளிடம் சொல்லியாக வேண்டும்.

அதனால்தான் பக்கத்து வீட்டு பிரெண்டாவைத் துணைக்கு அழைத்திருந்தாள். இந்த ரவுண்டானாவைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பவள் என்று தெருவே அவளைப் பற்றிப் பேசும். கிளம்பும்போது ரொவீனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருக்க, டயரைப் பார்க்கிறேன் பேர்வழி என்று காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பிரெண்டா ஏறினாள்.

"இப்போ போ!"

போனாள். பாதியில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. கண்களை இறுக மூடிக்கொண்டு ஹாரனுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். பின்னால் பஸ் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. கழுத்துவரை பச்சை குத்திய அதன் ஓட்டுநர், மெதுவாகப் போங்கள் என்பதுபோல் உள்ளங்கையை அசைத்தான்.

"பிரெண்டா, அவன் வழி விடறான்!"

"அப்ப போயேன்டி! இறங்கி வந்து உன் கையைப் பிடிச்சா கூட்டிக்கிட்டுப் போவான்?"

இரண்டாவது வட்டத்தில் தடம் மாறிப்போனாள். பின்னால் வந்த டாக்ஸி ஒதுங்கிக்கொண்டது. மூன்றாவதில் தயங்கி நின்றாள். மோட்டார் பைக்கில் வந்த இளைஞன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஒவ்வொருவருக்கும் ரொவீனா ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கி நன்றி சொன்னாள். கை உயர உயர, நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. இந்த ஊர் எப்போது இவ்வளவு நல்லதாக மாறியது? இல்லை, ஒருவனுடைய வாயை ஊர் முழுவதன் முகத்திலும் நான்தான் ஒட்டி வைத்திருந்தேனா?

ஜெம்மாவின் வாசலில் காரை நிறுத்தியபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"எவ்வளவு நல்ல ஜனங்க, பிரெண்டா! மூணு வருஷமா நான் தப்பா நினைச்சுட்டிருந்தேன்."

"நல்ல ஜனங்கதான்" என்றாள் பிரெண்டா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெம்மா ஓடி வந்தாள். "அம்மா! நீயேவா ஓட்டிக்கிட்டு வந்த? அந்த ரவுண்டானா வழியாவா?" என்று ஒரு கையால் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு அம்மாவின் தோளுக்கு மேலாகக் காரைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"அது சரி, இருபத்தெட்டு வருஷமா லைசென்ஸ் வெச்சிருக்கிற உனக்கு எதுக்கும்மா எல் போர்டு?"

ரொவீனா திரும்பினாள். காரின் முன்பக்கம், வெள்ளை அட்டையில் சிவப்பாக ஓர் 'எல்'. பின்னால் போய்ப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று. காதுவரை சூடேறியது. அப்படியென்றால் அந்தக் கனிவெல்லாம் அவளுக்கு இல்லை. கார் ஓட்டப் பழகும் யாரோ ஒரு சின்னப் பெண்ணுக்கு.

"ஏன்டி இப்படிப் பண்ணின? உன்னை மாதிரி தைரியசாலிக்கு என் பயம் வேடிக்கையாப் போச்சா?"

ஜெம்மா குழந்தையோடு உள்ளே போகும்வரை பிரெண்டா காத்திருந்தாள். பிறகு குனிந்து, ஓரமெல்லாம் தேய்ந்து நிறம் வெளுத்திருந்த அந்த அட்டையைக் கோட்டுக் கையால் துடைத்துவிட்டாள்.

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் மறக்காம என்கிட்ட திருப்பிக் குடுத்துடு, திங்கக்கிழமைக்கு உனக்குப் புதுசா ஒரு ஜோடி வாங்கிக்கலாம்" என்றாள் தணிந்த குரலில். "தெருமுனை திரும்பினதும் ஒட்டிக்குவேன், வீடு வர்றதுக்கு முன்னாடி கழட்டிடுவேன், இது இல்லாம இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட நான் அந்த ரவுண்டானாவுக்குள்ள போனதில்லடி."