காற்றுக்குத் திருகத் தெரியாது

"அங்கிள், கூரையில மலைப் பக்கத்து மரச் சட்டம் ஒண்ணுகூடப் பிளக்கல. தகரம் மட்டும் எப்படிப் பறந்துச்சு?"

கோயில் சுவரில் சாத்திய ஏணியின் உச்சியிலிருந்து கேட்டாள் டயனா. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நோபர்ட், அந்தக் கோயில் கமிட்டித் தலைவர், வேறு எங்கோ பார்த்தார்.

ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே நிற்கும் அந்த மாதா கோயிலுக்குப் புயலுக்குப் பிறகு வானம்தான் கூரை. அதைத் திருத்த மாத்தளை டவுன் சர்ச்சின் பங்கு மக்கள் கரோல் பாடியும் சாப்பாட்டுக் கடை போட்டும் பணம் சேர்த்திருந்தார்கள். 'புயல் உடைத்ததைத் திருத்த மட்டும்' என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். எதைப் புயல் உடைத்தது என்று பார்த்துச் சொல்ல வந்தவள், அதே பங்கைச் சேர்ந்த எஞ்சினியர் டயனா. அடுத்த மாதம் திருவிழா.

டயனா இறங்கி வந்தாள். பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, உதட்டுக்குக் கீழே பிடித்து, அதன் மேற்புறமாக ஊதினாள். தொங்கிக்கொண்டிருந்த தாள் மேலே எழும்பியது.

"அட!" என்றார் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த சவரியம்மா.

"கூரையும் இப்படித்தான். மேல காத்து வேகமா ஓடினா தகரம் எழும்பப் பார்க்கும். ஸ்க்ரூ விடாது. ரெண்டும் இழுபறி. கடைசில ஸ்க்ரூவைச் சுத்தித் தகரம் கிழியும், இல்லன்னா மரம் பிளக்கும். ரோட்டுப் பக்கம் அப்படியே இருக்கு. வளைஞ்ச ஸ்க்ரூ, அதுல ஒட்டியிருக்கிற தகரத் துண்டு. ஆனா மலைப் பக்கம் மரத்துல ஓட்டை மட்டும்தான் இருக்கு. வட்டமா, சுத்தமா. ஸ்க்ரூவையே காணோம். காத்துக்கு ஸ்க்ரூவைத் திருகத் தெரியாது அங்கிள்."

"நல்ல மரம் மிஸ்," என்றார் நோபர்ட். "அதான் பிளக்கல."

"நல்ல மரம்னா ஸ்க்ரூவை இன்னும் கெட்டியால்ல பிடிச்சிருக்கணும்?"

"அண்ணே, உங்களுக்குத்தான் பொய் வராதே, ஏன் கஷ்டப்படுறீங்க?" என்றபடி பிளேன்டியை நீட்டினார் சவரியம்மா. "மிஸ், நீங்க டீயைக் குடிங்க. ஆறிடப் போகுது."

டயனா டீயைத் தொடவில்லை.

"தகரத்தைக் கழட்டி வித்துட்டீங்களா?"

நோபர்ட்டின் முகம் கறுத்தது. "மாதாமேல சத்தியமா, ஒரு துண்டு விக்கல."

"அப்ப எங்க?"

"அதைச் சொல்ல முடியாது மிஸ்."

"சொல்லலைன்னா பாதிக் கூரைக்குத்தான் நான் காசு கேக்க முடியும். திருவிழா அன்னைக்குப் பாதிச் சனம் மழையில நிக்கும்."

"நிப்போம்." நோபர்ட் நெஞ்சை நிமிர்த்தினார். "பாதி போதும் மிஸ். அந்தப் பக்கம் போனது போனதாவே இருக்கட்டும்."

"நாங்க என்ன சீனியா, கரைஞ்சு போக?" என்றார் சவரியம்மா.

டயனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. களவு செய்தவர்கள் இவ்வளவு நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததில்லை. தருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்கிற களவும் அவள் கேள்விப்படாதது.

அப்போது கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தாள் அழகாயி. நெற்றியில் திருநீறு. கையில் ஒரு பை.

"அண்ணே, கோயில் வேலைக்கு எங்க லயத்துல சேர்த்த மிளகு. வித்துச் சேர்த்துக்கங்க."

"சரி சரி, வச்சிட்டுப் போ தங்கச்சி, அப்புறம் பேசுவோம்," என்று அவசரப்பட்டார் நோபர்ட்.

அழகாயி போகவில்லை. "டவுன் மிஸ்ஸா? கும்பிடுறேங்க! உங்களைப் பார்க்கணும்னுதான் இருந்தேன். புயல்ல எங்க லயத்துக் கூரை முழுக்கப் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. கைப்பிள்ளையோட நனைஞ்சுக்கிட்டு நின்னோம். மறுநாளே டவுன்ல இருந்து தகரம் அனுப்பினீங்களே, அதை மறக்கவே மாட்டோம். அதுவும் ஸ்க்ரூவுக்கு ஓட்டைகூடப் போட்டே அனுப்பியிருந்தீங்க! 'டவுன்காரங்க வேலைன்னா வேலைதான்டி'ன்னு எங்க வீட்டுக்காரரு இன்னும் சொல்றாரு. இந்தச் சாமி கோயிலையும் கொஞ்சம் பாருங்க மிஸ். மனசு கேக்கல."

மண்சரிவில் மூடிய டவுன் பாதை திறக்கவே வாரக்கணக்கில் ஆனது டயனாவுக்குத் தெரியும். அவள் நோபர்ட்டைப் பார்த்தாள். அழகாயியின் முதுகுக்குப் பின்னால் அவர், சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"பார்க்கிறோம் அக்கா," என்றாள் டயனா.

அழகாயி இறங்கி மறைந்தாள்.

"சாமி கூரைன்னு தெரிஞ்சா, பாவம்னு அன்னைக்கே கழட்டிக் கொண்டாந்து வாசல்ல வச்சிருப்பாங்க மிஸ்," என்றார் நோபர்ட். "பிள்ளைங்க நனைஞ்சிருக்கும். அதான் டவுன் தகரம்னு சொன்னோம்."

"தோட்டத்து டிராக்டர்ல ஏத்தி, ஊரைச் சுத்திக் கொண்டுபோய் இறக்கினோம்," என்றார் சவரியம்மா. "அப்பத்தானே டவுன்ல இருந்து வந்த மாதிரி இருக்கும்!"

டயனா டவுன் கமிட்டி செயலாளருக்குப் போன் செய்தாள்.

"ஷெல்டன், முழுக் கூரைக்கும் காசு வேணும். ரோட்டுப் பக்கத்தைப் புயல் எடுத்திருக்கு. மலைப் பக்கத்தை இவங்களே கழட்டி, புயல்ல கூரை போன லயத்துக்கு நம்ம பேர்ல குடுத்திருக்காங்க. நம்ம பேர்ல குடுத்த தகரத்துக்கு நாமதான் காசு குடுக்கணும்."