சிக்கியது எப்படி?

முப்பது வருடம் குற்றச் செய்திகள் எழுதி, டி.வி. விவாதங்களில் தொண்டை வறளப் பேசிய செய்தியாளருக்கு அன்று கடைசி வேலை நாள். ‘சிக்கியது எப்படி?’ என்ற தன் வாராந்தரத் தொடரை ஒரு ஜீவனாவது படித்ததா என்பதே அவருடைய கவலை. வீட்டுக்காரம்மாகூட அந்தப் பக்கத்தை அலமாரியில் விரிக்கத்தான் எடுப்பாள்.

மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, இஸ்திரி கலையாத சட்டையில் ஒருவர் தடித்த நோட்டோடு வந்து நின்றார்.

“தொடரை நிறுத்திடாதீங்க சார்! ஒரு வாரம்கூட விடாம வெட்டி ஒட்டி வச்சிருக்கேன்.”

செய்தியாளர் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அடிக்கோடு! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இவ்வளவு நுணுக்கமாவா படிச்சீங்க?”

“படிச்சதோட விடல சார். தொழிலுக்குப் புதுசா வர்றவங்களுக்கு இதை வச்சுத்தான் பாடமே நடத்துறேன். கைரேகை, கேமரா, செல்போன் டவர்... எல்லாமே நீங்க சொல்லிக் கொடுத்தது.”

போலீசுக்கே வாத்தியாராக இருந்திருக்கிறோமா! செய்தியாளருக்கு உச்சி குளிர்ந்தது. அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க, உட்காருங்க. எந்த ஸ்டேஷன்ல இருக்கீங்க?”

வந்தவர் பதறிப்போனார்.

“ஸ்டேஷனா? இருபது வருஷத்துல ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்ல சார். எல்லாம் உங்க புண்ணியம்!”