வடை சுற்றிய தாள்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், திருகோணமலைத் துறைமுகத்தடி அரிசி மில்லில் பட்டதாரிகள் இனி மூட்டை தூக்க முடியாது. "உள்ளூர்க் கம்பஸில படிச்சவனுக்கு வேலை தெரியாது, யூனியன் கதைதான் தெரியும்" என்பது முதலாளியின் தீர்ப்பு.

ஆள் எடுக்கும் லாபிர் நானா கேட்டார்: "தம்பி, எதுமட்டும் படிச்சனீர்?"

"எட்டாம் வகுப்பு, நானா" என்றான் பாக்கியரத்தினம். வீட்டில் பிள்ளைக்குப் பால்மா முடிந்திருந்தது.

லாபிர் வடை கொடுத்தார். பசியில் விழுங்கியவன், அதைச் சுற்றியிருந்த ஆங்கிலப் பத்திரிகைத் துண்டை நீவி வாசிக்கத் தொடங்கினான்.

"நீர் பட்டதாரி. போயிட்டு வாரும்."

"நானா, பிள்ளை பட்டினி!"

"எனக்கு விளங்குது தம்பி. நானும் பி.ஏ.தான். இப்பிடி வாசிச்சுத்தான் பிடிபட்டனான். உங்களைப் பிடிக்கிறதுக்கெண்டே முதலாளி என்னை வச்சிருக்கார்."

அந்த மில்லில் பட்டதாரிக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.