இடஞ்சுழிக் கொத்தர்கள்

"சார், அந்த ஸ்லைடை வெளிய எடுத்துத் திருப்பிப் போடுங்க."

கேட்கவே கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததை, கேட்கவே கூடாத நாளில் அவள் கேட்டுவிட்டாள்.

அன்று அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு.

கலை வரலாற்றுத் துறையில் சேர்ந்த புதிதிலேயே சீனியர் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து எச்சரித்திருந்தார். துறைத் தலைவரிடம் லீவு கேட்கலாம், சிபாரிசு கேட்கலாம், அழுதுகொண்டே அவகாசம்கூடக் கேட்கலாம். அந்த ஸ்லைடைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் உச்சிக்கல். வளைவின் உச்சியில் செருகிய கல்லைப் போல, அவரை உருவினால் துறை மொத்தமும் தலையில் விழும் என்பதால்.

உச்சிக்கல்லின் புகழுக்கெல்லாம் அஸ்திவாரம் அந்த ஒரு பிலிம் ஸ்லைடு. பழைய தானியக் கிடங்கு ஒன்றின் குவிமாடம். உள்ளே நின்று அண்ணாந்து எடுத்த படம். அந்த வட்டாரத்துக் குவிமாடங்கள் எல்லாவற்றிலும் செங்கல் வரிசை வலப்பக்கமாகச் சுழன்று மேலே ஏறும். இதில் மட்டும் இடப்பக்கமாக ஏறியது.

போதாதா?

எங்கிருந்தோ வந்த ஒரு கொத்தர் கூட்டம் பிறந்துவிட்டது. இடஞ்சுழிக் கொத்தர்கள். சதுர அறையின் மேல் வட்டக் கூரையை உட்கார வைக்கும் வித்தையே இவர்கள் கொண்டுவந்தது, பின்னால் வந்த பெரிய குவிமாடங்கள் எல்லாம் இவர்கள் போட்ட பிச்சை என்று உச்சிக்கல் தலையணை தலையணையாக எழுதினார். மாணவர்கள் தங்கள் பங்குக்கு அந்தக் கொத்தர்களுக்கு ஊர் கொடுத்தார்கள், வந்த வழி கொடுத்தார்கள், குணம்கூடக் கொடுத்தார்கள்: பிடிவாதக்காரர்கள், அதிகம் பேசாதவர்கள். அவர்கள் ஏன் காணாமல் போனார்கள் என்று ஒரு கருத்தரங்கமே நடந்து, பதில் கிடைக்காமல், மதியச் சாப்பாட்டோடு முடிந்தது.

கிடங்கு இன்றும் இருக்கிறது. வாசல் வரைக்கும் பஸ் போகிறது. ஆனால் கட்டடத்தைப் போய்ப் பார்ப்பதெல்லாம் இன்ஜினீயர் வேலை என்பது துறையின் கொள்கை.

அவள் போனாள். தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள்.

செங்கற்கள் சமர்த்தாக வலப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தன.

"அம்மாடி, அது பழைய ஸ்லைடு. கை பட்டா ஒடஞ்சுடும்," என்றார் உச்சிக்கல், பாசமாக.

தேர்வு தொடங்கும்போதும் இதே பாசம்தான். கடைசி வரிசையில் இருந்த அவள் அம்மாவைச் சபைக்குக் காட்டி, சலவைக் கடையில் இஸ்திரி போட்டு மகளைப் படிக்க வைத்த தாய், அவள் டாக்டராவதைக் கண்குளிரப் பார்க்க வந்திருக்கிறார் என்று கைதட்டல் வாங்கித் தந்தார். பாதிக் கைதட்டல் அவருக்கே விழுந்தது.

அவளே எழுந்து போனாள். புரொஜெக்டரிலிருந்து ஸ்லைடை உருவினாள். திருப்பிப் போட்டாள்.

சுவரில் செங்கற்கள் வலப்பக்கம் சுழன்றன. ஒரு கொத்தர் வம்சமே சத்தமில்லாமல் அழிந்தது.

புறத்தேர்வாளர் தண்ணீர் குடித்தார். அவர் பட்டம் வாங்கியதே இடஞ்சுழிக் கொத்தர்களின் குடும்ப வாழ்க்கையை ஆராய்ந்துதான்.

உச்சிக்கல் சிரித்தார். "அட, எவனோ மாத்தி மாட்டித் தொலைச்சிருக்கான். ஒரு அடிக்குறிப்பாச் சேத்துடும்மா. மத்தபடி ஆய்வு பிரமாதம்."

புறத்தேர்வாளர் வேகவேகமாகத் தலையாட்டினார். பட்டம் மேசைமேல் வந்து உட்கார்ந்தேவிட்டது. அதன் பின்னாலேயே, துறையில் காலியாக இருந்த விரிவுரையாளர் நாற்காலியும்.

தவறு யாருக்கும் வரும். ஸ்லைடைச் சட்டத்தில் மாற்றி மாட்டுவது இந்தத் தொழிலில் தும்மல் மாதிரி. அதை அவள் மன்னித்திருப்பாள்.

ஸ்லைடை மறுபடியும் உருவினாள். அதன் மூலையில் வெள்ளி நிறத்தில் ஒரு துண்டு டேப். படத்தில் வேண்டாததை மறைக்கத் துறையில் வழக்கமாக ஒட்டுவது. நகத்தால் கிள்ளி உரித்தாள். போட்டாள்.

குவிமாடத்துக்குக் கீழே, சுவர் ஓரமாக, ஒரு அறிவிப்புப் பலகை முளைத்தது.

'சுவரில் சாயாதீர்.'

எழுத்து நேராக, பளிச்சென்று இருந்தது. இத்தனை காலம் போட்டுக் காட்டியபடி போட்டிருந்தால், அது கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித்தான் தெரிந்திருக்கும். அதைப் பார்த்த கைதான் டேப்பைத் தேடியிருக்கிறது.

யார் கை என்று யாரும் கேட்கவில்லை. தானே எடுத்து, தன் கையாலேயே சட்டமிட்ட படம் என்று உச்சிக்கல் ஒவ்வொரு முன்னுரையிலும் பெருமைப்பட்டிருக்கிறார்.

அவள் சீனியர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நன்றாகக் கட்டியிருந்த நாடாவை.

"இப்ப உனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா?" பாசம் போன குரலில் கேட்டார் உச்சிக்கல்.

அவள் கடைசி வரிசைக்கு நடந்தாள்.

அம்மா எழுந்தாள். நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தாள். விடுதி அறையைக் காலையிலேயே இருவருமாகக் காலி செய்து, சாவியையும் ஒப்படைத்துவிட்டுத்தான் தேர்வுக்கு வந்திருந்தார்கள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியாடி?"

"சொல்லிட்டேம்மா."

"அப்ப அந்தப் பக்கம் பிடி. புத்தகமாப் போட்டு அடைச்சு வெச்சிருக்கே, கனக்குது."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு இருவரும் வெளியே போனார்கள்.