உள்ளே விட்ட துணி

“நாப்பது வேணாம் ஆன்டி. முப்பத்தாறு வெச்சுத் தைங்க.”

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உஷாராணி நிமிர்ந்து பார்த்தாள். கிள்ளானில் முப்பது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாண ரவிக்கைக்கு எடுத்த அளவைவிட நாலு அங்குலம் குறைத்துச் சொன்ன பெண் இவள்தான்.

“எப்படிம்மா ஏறும்?”

“கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்குல்ல? இன்னிக்குத்தான் டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. பசியே எடுக்காதாம்.” விஷ்ணுப்ரியா சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது.

“நீ இப்படியே நல்லாத்தானே இருக்கே?”

“நிச்சயதார்த்தத்துல போட்டோ எடுக்கறப்போ, ‘கொஞ்சம் ஒதுங்கி நில்லும்மா, படம் பூரா நீயே இருக்கே’ன்னு அத்தை சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

அத்தை என்றால் வருங்கால மாமியார் வீரம்மா. ஷா ஆலமில் சட்டைத் தொழிற்சாலையில் இருபது வருஷம் செக்கிங் வேலை பார்த்தவள். ஒரு நூல் தொங்கினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பேர். மருமகளையும் அப்படித்தான் பார்க்கிறாள் போலிருக்கிறது.

உஷாராணி முப்பத்தாறு என்றே சீட்டில் எழுதிக்கொண்டாள். மாத்திரை மேல் அவளுக்குக் கோபமில்லை. அவள் அக்காவே அப்படி ஒரு மாத்திரை சாப்பிட்டவள்தான். டாக்டர் சொன்ன நாளெல்லாம் போய்ப் பிரஷர் பார்த்து, காலையில் நடந்து, ஒரு வருஷத்தில் பதினைந்து கிலோ குறைத்தாள். சர்க்கரை அடங்கியது. முட்டிவலி போனது.

இரண்டு வாரம் கழித்து அளவு பார்க்க வந்த விஷ்ணுப்ரியாவுக்குக் கன்னத்துக் குழியைக் காணோம். உதடு காய்ந்திருந்தது. ரவிக்கையின் கொக்கி பாதிகூட எட்டவில்லை.

“தூக்கமே வரல ஆன்டி.”

நாடாவைச் சுற்றிப் பிடித்த உஷாராணியின் விரலுக்கு அடியில் அந்தப் பெண்ணின் நெஞ்சு மோட்டார் வைத்த மிஷின் மாதிரி ஓடியது.

“பிரஷர் பாத்தியா?”

“இந்த வாரம் வரச் சொன்னாரு. போகல. படபடன்னு அடிச்சா உடனே நிறுத்தணும்னு சொல்லியிருக்காரு. போனா நிறுத்திடுவாரு லா.”

“உசிரவிட பிளவுஸ் பெரிசா?”

“இது மட்டும் ஏறிடட்டும் ஆன்டி. அன்னிக்கே நிறுத்திடறேன். முருகன் சத்தியமா.”

அவள் போன பிறகு உஷாராணி ரவிக்கையை மடியில் போட்டு உள்பக்கமாகத் திருப்பினாள். எந்த ரவிக்கைக்கும் பக்கத் தையலில் தாராளமாக உள்ளே துணி விட்டுத் தைப்பது அவள் வழக்கம். பெண்கள் உடம்பு என்றைக்கும் ஒரே மாதிரியா இருக்கும்?

கத்தரியை எடுத்தாள். இரண்டு பக்கமும் பிரித்து, அகலமாக்கித் தைத்தாள்.

அடுத்த வாரம் விஷ்ணுப்ரியா வந்தாள். பின்னால் வீரம்மா.

உஷாராணி ரவிக்கையை அவசரமாக விஷ்ணுப்ரியாவின் கையில் கொடுத்து மாற்றிக்கொள்ள அனுப்பினாள்.

திரைக்குப் பின்னாலிருந்து கூவல் வந்தது. “ஆன்டி! ஏறிடுச்சு! எல்லாக் கொக்கியும் மாட்டிடுச்சு!” வெளியே ஓடி வந்து கண்ணாடி முன் சுற்றினாள். கையைத் தூக்கினாள், மடக்கினாள். “முப்பத்தாறு, அத்தை!”

“கழட்டிக் குடு. பாக்கணும்,” என்றாள் வீரம்மா.

“நான் நல்லாப் பாத்துத்தான் தைச்சிருக்கேன்கா,” என்றாள் உஷாராணி.

“பாக்கறதுல என்ன இருக்கு?”

திரைக்கு மேலாக ரவிக்கை வந்தது. வீரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உள்பக்கமாகத் திருப்பினாள். பிரித்த இடத்தில் பழைய தையலின் ஊசித்துளைகள் பட்டில் எறும்பு வரிசைபோல் இருந்தன. மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. வீரம்மாவின் விரல் அந்த வரிசையிலேயே மெதுவாகப் போய், அடியில் நின்றது.

தலை நிமிர்ந்து உஷாராணியைப் பார்த்தாள்.

விஷ்ணுப்ரியா சுரிதாரை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். “என்ன அத்தை? எதாச்சும் தப்பா?”

உஷாராணி கழுத்திலிருந்த நாடாவை இழுத்து விரலில் சுற்றினாள்.

“ஒரு தப்பும் இல்ல. சரியா முப்பத்தாறு,” என்றாள் வீரம்மா. கையை நீட்டினாள். “இப்ப அந்த மாத்திரையக் குடு.”

“அத்தை?”

“நம்ம வீட்டுக்கு வர்றப்போ தட்டுல கை வெச்சா கை நடுங்குது. நான் பாக்கலையா? பத்து நாளா ‘நிறுத்திடு, நிறுத்திடு’ன்னு கெஞ்சறேன். பிளவுஸ் ஏறட்டும், ஏறட்டும்னு நீதானே சொன்னே. ஏறிடுச்சு இல்ல? நாளைக்குக் காலையில நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். படபடப்ப மறைக்காம சொல்லணும்.”

விஷ்ணுப்ரியா கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையைக் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. முகத்தில் பெரிய நிம்மதி.

“கீழ சாப்பாட்டுக் கடையில போயி ரொட்டி சானாய் சொல்லு. ரெண்டு பேருக்கும். வந்துடறேன்.”

படியில் காலடி இறங்கி ஓயும்வரை வீரம்மா காத்திருந்தாள். பிறகு ரவிக்கையை வெளிப்பக்கமாகத் திருப்பி, குழந்தைத் துணியை மடிப்பதுபோல் மடித்தாள்.

“சிரிப்புக்குச் சொன்ன ஒரு வார்த்தை, உஷா. அதப் பிரிச்சு எடுக்க எனக்குத் தெரியல. நீ துணியப் பிரிச்சு அத எடுத்துட்டே.”

வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையில் கிடந்த, கல்யாண விருந்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த இன்னொரு ரவிக்கைத் துணியைக் காட்டினாள்.

“இதுலயும் முப்பத்தாறுன்னு சீட்டு எழுதி ஒட்டிடு. உள்ள மட்டும் இன்னும் ஒரு இன்ச் கூட விடு. இன்னிலேருந்து எம்பொண்ணு சாப்பிடப் போவுது.”