ஒருத்தரைத் தவிர

“ஒருத்தரைத் தவிர மத்த எல்லாருக்கும் சொல்றேன். நான் பங்காரு. ஏரிக்கு மேல வந்துகினு இருக்கேன். இடது பக்கம் திரும்பப் போறேன்.”

கொட்டகையில் இருந்த ரேடியோ இப்படிப் பேசியதும், சென்னையிலிருந்து சோதனைக்கு வந்திருந்த அதிகாரி ஸ்ரீதர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“யாரும்மா அந்த ஒருத்தர்?”

கே.ஜி.கண்டிகை பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன விமான ஓடுதளத்துக்குப் பொறுப்பாளர் கயல்விழி. நெளிந்தாள்.

“பெருமாள் சார். அவரும் எங்க பைலட்தான். பங்காரு சாரோட அக்கா வீட்டுக்காரர். ஒரு காலத்துல ‘பாவா, பாவா’ன்னு அவர் பின்னாலயே சுத்திகினு இருந்தாரு.”

“இப்ப மேல எத்தனை விமானம் பறக்குது?”

“ரெண்டு சார். இவரு ஒண்ணு, அவரு ஒண்ணு.”

“அப்ப அவரைத் தவிர வேற யாருக்குத்தாம்மா சொல்றார்?”

கயல்விழி வாயைத் திறப்பதற்குள் ரேடியோ கரகரத்தது.

“அந்த ஒருத்தர்தான் பேசறேன். மலைப் பக்கம் இருக்கேன். மூக்கு மேல கோவம் வெச்சிருக்கிறவங்க தள்ளியே வரட்டும்.”

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

“இங்க வழி சொல்ல டவர் கிடையாது. எங்க இருக்கேன், எங்க திரும்பறேன்னு பறக்கறவங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாத்தான் மோதாம இறங்க முடியும். அதுலயா வீம்பு? அப்படி என்ன சண்டை?”

“பெருமாள் சார் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரை விட்டுட்டாங்க சார்.”

“இதுக்கா?”

“என்னா சார் இப்படிக் கேக்குறீங்க? பந்தல் போட்டவர் பேரு கூட இருந்துச்சு. தாய்மாமன் பேரு இல்ல.”

“எதுவா இருந்தாலும் தரையில வெச்சுக்கணும். இந்த ஓடுதளத்துக்கு அனுமதியை நீட்டிக்க என்னால முடியாது.”

அனுமதி போனால் இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அப்போது ரேடியோவில் ஒரு புதுக் குரல்.

“நான் மோனிஷா. முதல் தடவையா தனியா ஓட்டிட்டு வரேன். கனகம்மாசத்திரம் தாண்டிட்டேன். யாரும் இல்லைன்னா நேரா வந்து இறங்கறேன்.”

“ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் சொல்றேன்,” என்றார் பங்காரு. “மலைப் பக்கம் திரும்பிட்டேன்.”

பெருமாளிடமிருந்து பதில் இல்லை.

“பாரும்மா, இவர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார்,” என்றார் அதிகாரி.

திடீரென்று பங்காரு கத்தினார்.

“பாப்பா மோனிஷா, நேரா வராதே! உனக்குக் கீழ மஞ்சள் விமானம் ஒண்ணு இறங்கிகினு இருக்குது. ஓட்டுறவரு பத்திரிகை அடிக்கத் தெரியாத மனுஷன். மேல ஏறு, மேல ஏறு!”

“ஐயோ! ஏறிட்டேன் அங்கிள்!”

“ஆங். ஒரு சுத்து சுத்திட்டு எனக்குப் பின்னால வா. மஞ்சள் விமானத்துல இருக்கிற பெரிய மனுஷருக்கு நான் பேசறது கேக்குதுன்னா றெக்கையை ஆட்டட்டும்… ஆட்டிட்டாரு. ஆட்டுற அழகைப் பாரு, காவடி எடுக்கிறாராம்! முதல்ல அவரே இறங்கட்டும்.”

“இது விமான ஓடுதளமா, குழாயடியா?” அதிகாரி பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மஞ்சள் விமானம் இறங்கியது. பின்னாலேயே பங்காரு. கடைசியாக மோனிஷா.

அதிகாரி நேராகப் பெருமாளிடம் போனார்.

“அவர்தான் அப்படிப் பேசறார்னா நீங்க வாயையே திறக்கலையே! ஒரு பொண்ணோட உசுரு சார்!”

பெருமாள் தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றி நீட்டினார். மைக் ஒயர் அறுந்து தொங்கியது.

“எல்லாம் காதுல விழுந்துச்சு சார். பேசத்தான் முடியல. அந்தப் பொண்ணு வர்றது கேக்குது, எங்க இருக்குதுன்னு தெரியல. ஆடிப் போயிட்டேன்.”

அதிகாரி மெதுவாகப் பங்காருவின் பக்கம் திரும்பினார்.

“மைக் போனது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“நான் ‘ஒருத்தரைத் தவிர’ன்னு சொன்னா உடனே ஒரு குத்தல் வரும் சார். கல்யாணத்துல இருந்து ஒரு நாளும் தவறினதில்ல. இன்னைக்கு வரல. பக்குன்னு ஆயிடுச்சு. எங்க இருக்கார்னு தேடிப் பிடிச்சு, அவருக்கும் சேர்த்து நானே பேசிட்டேன்.”

அதிகாரி பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“சரி, அனுமதி தரேன். ஒரே நிபந்தனை. நாளையில இருந்து அந்த ‘ஒருத்தரைத் தவிர’ இருக்கக் கூடாது.”

“அது மட்டும் முடியாது சார்,” என்றார் பங்காரு. “சீண்டினாத்தான் அவரு பதில் சொல்வாரு. பதில் வரலன்னா, மேல எங்க பாவா நல்லா இருக்காரான்னு எனக்கு எப்படித் தெரியும்?”