ஆறு மணி வெயில்

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க அங்கிள். அந்தக் காலண்டரும் தெரியணும்," என்றான் லேப்டாப் திரையில் கதிர்.

பாலசுப்ரமணியன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, தலைக்கு மேலே கோயம்புத்தூர் நகைக்கடை ஒன்றின் தினசரி காலண்டர். அன்றைய தேதித் தாள் வரைக்கும் சரியாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

"சூப்பர்! பாத்தாலே ஊர் வாசனை அடிக்குது. இங்க பார்சிப்பனில இப்பதான் டிரைவ்வேல பனிய வாரிப் போட்டுட்டு வந்து உக்காந்தேன். காலைல மணி பத்தரை ஆயிடுச்சு."

கதிர் நியூ ஜெர்சியில் அவருடைய பழைய அண்டைவீட்டுக்காரன். வெளிநாட்டில் குடியிருக்கும் அமெரிக்கக் குடிமக்களைத் தேடிப் பிடித்து, கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் ஓட்டுப் போட வைப்பது அவன் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

"ரொம்ப ஈஸி அங்கிள். நீங்க எங்கயும் அலைய வேணாம். வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குன்னே கட்சி தனியா பிரைமரி நடத்துது, கட்சி மாநாட்டுக்குத் தனியா டெலிகேட்ஸும் உண்டு. பேலட் பேப்பர்தான் ஈமெயில்ல வந்தாச்சே. ஒரு டிக், ஒரு கையெழுத்து, ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டா முடிஞ்சுது."

அச்செடுத்த அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது. பேனாவின் மூடி திறந்து பத்து நிமிஷம் ஆகிறது.

"கையெழுத்துக்கு மேல ஏதோ எழுதியிருக்கே?"

"அதுவா? 'நான் அமெரிக்காவுக்கு வெளியில் வசிக்கிறேன். இந்த வருஷம் எந்த மாநில பிரைமரியிலும் ஓட்டுப் போடவில்லை, போடவும் மாட்டேன்.' ஒரே ஆள் ரெண்டு எடத்துல குத்திடக் கூடாதுல்ல, அதான்."

"ஈமெயில்ல ஓட்டுங்கறது எனக்குச் சரிப்படாதுப்பா. நியூ ஜெர்சி பேலட்டையே தபால்ல வாங்கிக்கறேன்."

"தாராளமா. நீங்க வீட்ட வித்திருந்தாலும் கடைசியா இருந்த பார்சிப்பனி அட்ரஸ் செல்லும். ஆனா அந்த ஃபார்ம்லயும் 'வெளிநாட்டுல இருக்கேன்'னு கையெழுத்து உண்டு அங்கிள்."

பாலசுப்ரமணியனுக்கு அந்தக் கதவும் அடைபட்டது.

"நம்ம பார்சிப்பனி வாட்ஸப் குரூப்ல வேற சொல்லிட்டேன், ஓட்டுப் போடற ஃபர்ஸ்ட் ஃபோட்டோ உங்களோடதுதான்னு. நீங்க இந்தியா கெளம்பறப்ப பேசின ஃபேர்வெல் ஸ்பீச்ச இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. 'மேள தாளத்தோட போயிட்டு, மூணே மாசத்துல பெட்டியத் தூக்கிண்டு திரும்பி வர்ற ஆள் நான் இல்லை.' அப்படித் திரும்பி வந்த மகிழன் அப்பாவப் பாத்துக்கிட்டே சொன்னீங்களே! பாவம், அந்த மனுஷன் அதுக்கப்புறம் கோயில் பக்கமே தலை காட்டறதில்ல."

பாலசுப்ரமணியன் சிரிக்கவில்லை.

"கலிஃபோர்னியாவுல ப்ரியா அக்கா எப்படி இருக்காங்க? சான் ரமோன்ல இந்த வருஷம் ஒரே மழையாமே?"

"இருக்கா, இருக்கா," என்று மகளைப் பற்றிய பேச்சை அவசரமாக முடித்தார்.

மனைவி ஜலஜா கேமராவில் விழாமல் குனிந்து வந்து காபியை வைத்தாள். "ஏன்னா, போதும்," என்று உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டுப் போனாள். போகிற போக்கில் அவள் தோள் பட்டு ஜன்னல் திரை விலக, காலண்டர்மேல் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது.

"என்ன அங்கிள், வெயில் இப்படி அடிக்குது?"

எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பாலசுப்ரமணியன் ஒரு பார்வை பார்த்தார். "சாயங்கால வெயில்ப்பா. இங்க மணி ஆறுதானே ஆறது. மேற்குப் பார்த்த ஜன்னல்."

கதிர் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். "ம்... சரி அங்கிள்."

பேனா முனை கோட்டைத் தொட்டது. முப்பது வருஷம் பாலங்களின் வரைபடத்தில் போட்ட கையெழுத்து. அதை நம்பித்தான் அந்தப் பாலங்கள்மேல் ஸ்கூல் பஸ்கள் ஓடின. வாய் ஆயிரம் பேசலாம். அந்தக் கையெழுத்து இதுவரை ஒரு பொய்க்குக் கீழே போய் உட்கார்ந்ததில்லை.

பேனாவை மூடினார்.

"கதிர், நான் இதுல கையெழுத்துப் போடப் போறதில்லை. ஏன்னு கேக்காதே."

"குரூப்ல கேப்பாங்களே அங்கிள்?"

"கட்சி மாறிட்டார்னு சொல்லு. கிழவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு சொல்லு. என்ன வேணா சொல்லிக்கோ." குரல் லேசாக உடைந்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

கதிர், பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அங்கிள், நான் தினம் இந்த நேரத்துக்குத்தான் சேலத்துல அம்மாவுக்கு ஃபோன் போடுவேன். எனக்குப் பத்தரைன்னா, இந்தியாவுல ராத்திரி ஒம்பது மணி. வெயில் ஏது?"

பாலசுப்ரமணியனின் கை துண்டின் நுனியை இறுக்கிப் பிடித்தது.

"உங்க கடிகாரத்துல இப்ப கலிஃபோர்னியா டைம், காலைல ஏழரை. இருபத்தாறு வருஷப் பழக்கம், நியூ ஜெர்சி கணக்குலயே பத்தரை மணி நேரம் கூட்டி ஆறுன்னுட்டீங்க. குரூப்ல நான் மூச்சு விட மாட்டேன்."

அவர் திரையைப் பார்க்காமல் தலையை அசைத்தார்.

"மார்ச் அஞ்சு கலிஃபோர்னியா பிரைமரி. ப்ரியா அக்காவோட போய் சான் ரமோன்லயே ஓட்டுப் போட்டுடுங்க அங்கிள்."